முதலில் சப்பாத்து

முதல் தடவையாகப் பனிச்சறுக்கப் போகிறவர்கள் எங்கள் கடைக்குள் நுழைந்ததும் சுவரோரம் அடுக்கியிருக்கும் ஸ்கிகளைத்தான் பார்க்கிறார்கள். எது நல்லது, எவ்வளவு நீளம், பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். நான் அவர்களைக் கதிரையில் இருத்தி, போட்டு வந்த சப்பாத்தைக் கழற்றச் சொல்வேன். அடுத்த அரைமணி நேரமும் காலோடுதான் வேலை. ஸ்கி எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

சுவிட்சர்லாந்தில், பேர்ண் மாநிலத்து மலைப்பக்கத்தில், ஸ்கி வாடகைக்கு விடும் கடையொன்றின் பட்டறையில் வேலை செய்கிறேன். சப்பாத்துப் பொருத்துவது, சப்பாத்தை ஸ்கியோடு பூட்டும் பைண்டிங்கைச் சரிசெய்வது, ஸ்கியின் இரும்பு விளிம்பைத் தீட்டுவது, அடியில் மெழுகு பூசுவது என்று குளிர்காலம் கழியும். புதுவருடம் பிறந்த கையோடு தமிழ்ப் பெற்றோர்கள் வரத் தொடங்குவார்கள். கையில் பள்ளிக்கூடம் அனுப்பிய ஒரு பட்டியல் இருக்கும். பிள்ளைக்கு ஸ்கிலாகர் வந்துவிட்டது. வகுப்போடு ஐந்து நாள் மலையில் தங்கி ஸ்கி பழகப் போகிறது. பெற்றோரில் பலர் பனியை வீட்டு ஜன்னலிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் மட்டுமே கண்டவர்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்து, சமையலறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவு பகலாக உழைத்தவர்களுக்கு மலையேறி விளையாட எங்கே நேரம்? அதனால் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் அவர்களுக்குப் புதிது.

இந்த நாட்டில் ஸ்கி பழகுவது பள்ளிக்கூட வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. பெப்ரவரியில் வரும் விளையாட்டு விடுமுறையே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரி மிச்சம் பிடிக்கப் பள்ளிகளை மூடியதிலிருந்து வேர்பிடித்தது. ஜூஸ்கிலா எனப்படும் தேசிய இளைஞர் ஸ்கி முகாம் 1941இல் தொடங்கியது. இன்று அது லெங்க் கிராமத்தில் நடக்கிறது. 2017இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: கட்டாயமான பள்ளி முகாம்களுக்குப் பெற்றோரிடம் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை மட்டும்தான் வாங்கலாம்; வயதைப் பொறுத்து அது நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங் வரை. ஆகவே பெற்றோரின் தலையில் விழும் பெரிய செலவு உடுப்பும் சாமானும்தான். அதை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று தெரிந்துகொண்டால் இந்த ஐந்து நாளை ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போலவே அனுபவிக்கும். எனக்கு இந்த வேலையில் உள்ள அக்கறை முழுக்க அங்கேதான்.

சப்பாத்துக்கு வருகிறேன். ஸ்கிச் சப்பாத்தின் அளவு சென்ரிமீற்றரில் இருக்கும். 24.5 என்றால் அந்தக் காலின் நீளம் இருபத்து நாலரை சென்ரிமீற்றர். வீதியில் 39ஆம் அளவு போடுகிறவருக்கு இங்கே ஏறக்குறைய 25. அளவெடுக்கும்போது எழுந்து நின்று உடற்பாரத்தைக் காலில் போட வேண்டும். இருந்தபடி எடுத்தால் குறைத்துக் காட்டும். இரண்டு காலும் ஒரே நீளமாக இருப்பது அபூர்வம். பெரிய காலைக் கணக்கில் எடுப்பேன்.

அளவைச் சொன்னதும் பெரும்பாலும் இந்தக் குரல் வரும்: “ஒரு நம்பர் பெரிசாத் தாங்கோ அண்ணை, மேஸ் தடிப்பாப் போட்டு விடலாம். அடுத்த வருசமும் போடலாம்தானே.” பிள்ளையின் காலில் அக்கறை உள்ள எந்தத் தாயும் அப்படித்தான் கேட்பார். பள்ளிக்கூடச் சப்பாத்தை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்கி வளர்ந்தோம். அதோடு செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால்கள் முன்பக்கம் விரிந்திருக்கும். காலை எதுவும் இறுக்கிப் பிடிப்பதே எங்கள் பெரியவர்களுக்கு நோவாகத் தெரிகிறது. பிள்ளை முகத்தைச் சுளித்ததுமே “இறுக்குதாம், கழட்டுங்கோ” என்பார்கள்.

ஸ்கிச் சப்பாத்து நடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. முழங்காலை முன்னே மடித்து, சப்பாத்தின் நாக்கில் முன்னெலும்பை அழுத்தினால் அந்த அழுத்தம் வெளிக்கூட்டின் வழியே பைண்டிங்குக்கும், அங்கிருந்து ஸ்கியின் விளிம்புக்கும் போக வேண்டும். திரும்புவதும் நிற்பதும் அந்த வழியால்தான் நடக்கின்றன. சப்பாத்துக்குள் குதிக்கால் ஆடினால், பிடி கழன்ற மண்வெட்டியால் கொத்துவது போல, எவ்வளவு பலம் போட்டாலும் அது அலகுக்குப் போய்ச் சேராது. பிள்ளை நிற்கப் பார்க்கும்; ஸ்கி நிற்காது. பயந்துபோய்ப் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் இன்னும் வேகம் கூடும். முதல் நாளே அழுதுகொண்டு இறங்கி, இனி வரமாட்டேன் என்று சொல்லும் பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால் அநேகமாக அது ஓர் அளவோ இரண்டளவோ பெரிது.

சரியான அளவைக் கண்டுபிடிக்க எண்ணை மட்டும் நம்பக் கூடாது. உள்சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்சுவரை இலேசாகத் தொடும்படி நிறுத்துவேன். குதிக்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்று பார்ப்பேன். ஒன்றரையிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் இருந்தால் முதற்பயணத்துக்குப் பொருத்தம். வளரும் பிள்ளைக்கு இரண்டுக்குச் சற்றே மேலே போகலாம். அதற்கு மேல் விடமாட்டேன். 26ம் 26.5ம் அநேகமாக ஒரே வெளிக்கூட்டில்தான் வருகின்றன என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். அரை அளவுக்காகக் கடை கடையாக அலையத் தேவையில்லை.

பிறகு உள்சப்பாத்தோடு போட்டுப் பார்க்க வேண்டும். குதியை நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் ஒதுக்கி, பாதத்தின் மேலுள்ள பக்கிள்களை மெதுவாகப் பூட்டி, முழங்காலை மடித்து அழுத்திவிட்டு, மேற்பக்கிள்களை இறுக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்னே முட்டும். “முட்டுது மாமா” என்று பிள்ளை சொல்லும். தாய் என்னைப் பார்ப்பார். முழங்காலை மடி என்பேன். மடித்ததும் குதி பின்னே போய் விரல் விடுபடும். அந்த முகமாற்றம்தான் நான் காத்திருக்கும் அடையாளம். மடித்தும் முட்டினால் சப்பாத்து சிறிது. மடித்து எழும்பும்போது குதி தூக்கினால் பெரிது. கால்மணி நேரமாவது போட்டபடி கடைக்குள் நடக்கச் சொல்வேன். எல்லாப் பக்கமும் ஒரேயளவாக இறுக்குவது நல்லது. ஓரிடத்தில் மட்டும் குத்தினால் வேறு வடிவம் எடுக்க வேண்டும். அகலம் கம்பனிக்குக் கம்பனி மாறும்: முன்பாதத்தில் 98 மில்லிமீற்றர் உள்ளதும் உண்டு, 104 உள்ளதும் உண்டு. விரிந்த காலுக்கு நீளத்தைக் கூட்டிக் கொடுப்பது பிழை. அகலமான வடிவத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சப்பாத்தின் விறைப்பைக் காட்ட 60, 80, 100 என்று ஓர் எண் போட்டிருக்கும். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பனியின் 80 இன்னொன்றின் 90க்குச் சமமாக இருக்கலாம். புதியவருக்கு மென்மையானது போதும். மடிக்க முடியாத சப்பாத்தில் யாரும் பழக முடியாது.

காலுறை ஒன்றே ஒன்று. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும், மெல்லிய, கம்பளி கலந்த ஸ்கிக் காலுறை. இரண்டு போட்டால் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு மடிப்பு விழும். அந்த மடிப்பு மதியத்துக்குள் தோலைப் புண்ணாக்கும். தடித்த காலுறை காலின் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். இரத்தம் ஓடாத விரலை எந்தக் கம்பளியும் சூடாக்காது. உள்காற்சட்டையின் நுனியையும் சப்பாத்துக்குள் விடக்கூடாது. அது முன்னெலும்புக்கும் நாக்குக்கும் நடுவே தையலாக நின்று அழுத்தும். முக்கால் நீள உள்காற்சட்டை விற்கிறார்கள். இல்லாவிட்டால் முழு நீளத்தைச் சப்பாத்துக்கு மேலே சுருட்டி விடுங்கள். பட்டியலில் உள்ள எல்லாவற்றிலும் புதிதாக, நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டியது இந்தக் காலுறைதான் என்று நான் சொல்லும்போது சிலர் நம்புவதில்லை. இரண்டு சோடி வாங்குங்கள். ஒன்று காயும்போது மற்றது காலில் இருக்கும்.

சப்பாத்து முடிந்தால்தான் பைண்டிங்கைத் தொட முடியும். அது சப்பாத்தின் அடி நீளத்தை மில்லிமீற்றர் கணக்கில் கேட்கும். விழும்போது எவ்வளவு திருகு வந்தால் சப்பாத்தை விட்டுவிட வேண்டும் என்பதை ஒரு சிறு திருகாணி தீர்மானிக்கிறது. அந்த எண்ணை ஐ.எஸ்.ஓ. 11088 என்ற நியமத்தின் அட்டவணையில் பார்த்துப் போடுவோம்: நிறை, உயரம், வயது, அடி நீளம், எப்படி ஓடுகிறவர் என்ற வகை. ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ஐம்பது தாண்டியவர்களுக்கும் ஒரு படி தளர்த்துவோம். பிள்ளைகளின் பைண்டிங்கில் எண் 0.75இலிருந்து 4.5 வரை போகும். அதில் ஒரு அரைப்புள்ளிகூடச் சின்ன விடயமில்லை. ஆகவே நிறையைக் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். சென்ற வருடம் வைத்தியர் சொன்ன நிறை வேண்டாம். கூட்டிச் சொன்னால் விழும்போது ஸ்கி கழலாது. முறிவது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. குறைத்துச் சொன்னால் ஓடும்போதே கழன்றுவிடும். கடையில் நிறுவை இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, எண்ணை நான் யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை.

ஸ்கியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1993இல் ஸ்லொவேனியாவின் எலான் கம்பனி இடை சிறுத்து நுனிகள் அகன்ற எஸ்.சி.எக்ஸ். ஸ்கியைக் கொண்டுவந்த பிறகு, இரண்டு மீற்றர் நீளமான நேர்ப்பலகையில் பழகும் காலம் போய்விட்டது. புதியவருக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரம் போதும். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, வட்டுக்குக் கீழே பற்றினால் முழங்கை செங்கோணத்தில் மடிய வேண்டும். பல பயிற்சியாளர்கள் முதல் இரண்டு நாள் தடியே கொடுப்பதில்லை. அது நல்ல பழக்கம்.

உடுப்பில் பெரும்பாலானோர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடத் தெரிந்தவர் பனியைத் தொடுவதேயில்லை. புதியவர் விழுகிறார், பனியில் இருக்கிறார், முழந்தாளில் ஊர்கிறார், கையை ஊன்றி எழும்புகிறார். அதனால் ஈரம் புகாத உடுப்பு தேவைப்படுவது வித்தகனைவிடப் புதியவருக்குத்தான். ஈரம் முதலில் புகும் இடங்கள் கையுறையும் காற்சட்டையின் இருப்பிடமும். பெற்றோர்களோ பணத்தையெல்லாம் மேற்சட்டையில் போட்டுவிடுகிறார்கள், நகரத்துப் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்பதற்கேற்ற தடித்த இறகுச் சட்டையில். இறகு நனைந்தால் அமுங்கிவிடும். அமுங்கினால் சூடு தராது. அதைப் போட்டுக்கொண்டு சரிவில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு வியர்க்கும். வியர்த்த உடம்போடு கதிரை லிஃப்ட்டில் பத்து நிமிடம் அசையாமல் இருக்கும். மேலே -10 பாகை, மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று என்றால் முகத்துக்கு அது -20 போலத் தெரியும். நடுக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

தோலோடு ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை நூலோ இருக்க வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். ஊரில் வெயிலுக்கு அதைப் போல நல்ல துணி இல்லை. அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அங்கே குளிர்ச்சி. இங்கே அதே குணம் எதிரி. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்துகிறது. அதற்கு மேல் ஒரு மெல்லிய ஃபிளீஸ். அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத சட்டை. சட்டையின் விபரத் துண்டில் நீர் தாங்கும் அளவு 10,000 மில்லிமீற்றர் என்று இருந்தால் போதும். 20,000க்குக் கூடுதல் காசு கொடுக்க முதல் வருடத்தில் காரணமில்லை. காற்சட்டைக்கு அதே எண்ணைப் பாருங்கள், அதோடு காலடியில் ரப்பர் நாடா வைத்த உட்துணி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த உட்துணி சப்பாத்துக்கு வெளியே, அதை மூடியபடி வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தோள்வாருள்ள காற்சட்டை நல்லது. விழும்போது இடுப்பில் பனி புகாது. ஜீன்ஸ் போட்டு அனுப்பினால் பத்து மணிக்குள் அது விறைத்த பலகையாகிவிடும்.

கையுறையில் விரல் பிரியாத வகை பிள்ளைகளுக்குச் சிறந்தது. நான்கு விரலும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். மணிக்கட்டைத் தாண்டி நீளமாக, சட்டைக் கைக்கு மேலே இழுத்து இறுக்கக்கூடியதாக எடுங்கள். இதிலும் இரண்டு சோடி. கழுத்துக்கு நீளச் சால்வை சுற்றி அனுப்பாதீர்கள்; லிஃப்ட்டில் நுனி சிக்கினால் ஆபத்து. குழாய் போலத் தைத்த கழுத்துத்துணி பத்துப் பிராங்குக்குள் கிடைக்கும்.

சட்டையின் இடக்கையில் ஒரு சின்னப் பை இருந்தால் லிஃப்ட் அட்டையை அதற்குள் மட்டும் வையுங்கள். வாசலில் அட்டையை வாசிக்கும் கருவி அநேகமாக இடப்பக்கம்தான் நிற்கும். கைத்தொலைபேசியும் வேறு அட்டைகளும் பக்கத்தில் இருந்தால் வாசிப்பது குழம்பும். பின்னால் வரிசை நெருக்கும்போது புதிதாக வந்த பிள்ளை பதறிப்போகும்.

ஹெல்மெட் பொருத்தும்போது எங்கள் பெண்பிள்ளைகளிடம் தனியாகப் பார்க்க வேண்டியது தலைமுடி. உச்சியில் கொண்டையோ குதிரைவாலோ கட்டினால் ஹெல்மெட் தலையில் இருக்காது, முடியில் மிதக்கும். அதற்காகப் பெரிய அளவை எடுத்தால் விழும்போது அது தலையைக் காக்காது. பின்கழுத்துக்குக் கீழே ஒற்றைப் பின்னல், அல்லது தாழ்வாக இரண்டு பின்னல். காதில் தோடு, ஜிமிக்கி இருந்தால் ஐந்து நாளைக்குக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஹெல்மெட்டின் காதுப்பஞ்சு நாள் முழுக்க அதை அழுத்தும், குளிரில் உலோகம் சுடும். “பொட்டுத் தங்கம் இல்லாமல் எப்பிடி வெறுங்காதோட அனுப்புறது” என்று ஓர் அம்மம்மா என்னிடம் கவலைப்பட்டார். காதில் துளை தூராமல் இருக்கப் பிளாஸ்டிக் குச்சி போட்டு விடலாம் என்றேன், சம்மதித்தார். பக்கிளைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல்வேன். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும். உள்ளே கம்பளித் தொப்பி போடக்கூடாது. மெல்லிய உட்தொப்பி போடலாம். ஸ்கி ஹெல்மெட்டுக்கான ஐரோப்பிய நியமம் ஈ.என். 1077, உட்பக்கம் ஒட்டியிருக்கும்.

ஸ்கிக் கண்ணாடியை ஹெல்மெட்டோடு சேர்த்துத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் காற்று அங்கேதான் வெட்டும். கண்ணாடியின் கருமையை எஸ்0 முதல் எஸ்4 வரை வகுத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று வாங்குவதானால் எஸ்2 எடுங்கள். கடைக்குள் அழகாகத் தெரியும் எஸ்3 வெயில் நாளுக்குரியது. முகில் இறங்கி மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும் நாளில், கறுத்த கண்ணாடி போட்ட புதியவருக்குக் காலடி தெரியாது. பார்வைக் கண்ணாடி போடுகிற பிள்ளைக்கு அதன்மேல் அணியும் அகலமான வகை உண்டு. கடையில் கேளுங்கள்.

சூரியக் களிம்பைப் பட்டியலில் பார்த்ததும் “எங்கட தோலுக்கு இது என்னத்துக்கு” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து வீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் எண்பது வீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கிறது. கறுத்த தோலும் எரியும், உதடு வெடிக்கும், மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும். காப்பு எண் 30க்குக் குறையாததாக ஒரு குழாயும் உதட்டுக் களிம்பும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இனிக் காசு. ஸ்கி, தடி, சப்பாத்து மூன்றையும் வளரும் பிள்ளைக்கு வாங்காதீர்கள். பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் வந்தால் எல்லா அளவும் இருக்கும். பெப்ரவரி விடுமுறைக்கு முதல்நாள் வந்தால் எஞ்சியதில்தான் தெரிவுசெய்ய வேண்டும். மேற்சட்டை, காற்சட்டை, ஃபிளீஸ் எல்லாம் ப்ரோக்கி எனப்படும் பழைய சாமான் கடைகளிலும் இலையுதிர்காலத்தில் ஊர்களில் நடக்கும் பழைய ஸ்கிச் சந்தைகளிலும் கால்விலைக்குக் கிடைக்கும். சுவிஸ் குடும்பங்களும் அங்கேதான் வாங்குகின்றன. ஒரு பிள்ளை இரண்டு குளிர்காலத்தில் வளர்ந்துவிடுவதால் அந்த உடுப்புகளில் தேய்வே இருக்காது. மச்சாள் வீட்டில், பக்கத்து வீட்டில் கேட்கவும் தயங்காதீர்கள். ஆனால் மூன்றைப் பழையதாக வாங்க வேண்டாம். ஹெல்மெட்: அது முன்பு அடிபட்டதா என்று வெளியே தெரியாது. பழைய பைண்டிங் பூட்டிய ஸ்கி: உற்பத்தியாளர் கைவிட்ட மாதிரிகளைச் சரிசெய்து கொடுக்க எந்தப் பட்டறையும் ஒப்புக்கொள்ளாது. பத்து வருடம் தாண்டிய சப்பாத்து: அந்தப் பிளாஸ்டிக் முதுமையில் நொறுங்கும் தன்மை உடையது. பரணில் புதிது போலக் கிடந்தது, பனியில் முதல் அழுத்தத்திலேயே துண்டு துண்டாக உடைந்து வந்ததைப் பட்டறை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முகாமில் இரவுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். சப்பாத்தின் பக்கிள்களைத் திறந்து, முடிந்தால் உள்சப்பாத்தை வெளியே இழுத்து, சூடான அறையில் காய வைக்க வேண்டும். ஹீட்டர்மேல் வைக்கக் கூடாது. கார் டிக்கியிலோ வெளித் திண்ணையிலோ விட்டால் காலையில் பிளாஸ்டிக் விறைத்து, கால் உள்ளே போகாது. மாலையில் கழற்றும்போது ஒரே இடத்தில் தோல் சிவந்திருந்தால் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். மலையடிக் கடைகளில் வாடகைச் சப்பாத்தை மாற்றிக் கொடுப்பார்கள், அதற்குத் தனிக் காசு கேட்பது அபூர்வம். சப்பாத்து, ஹெல்மெட், கையுறை எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். வாடகைச் சாமான்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு பிள்ளையின் கால்நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் சப்பாத்தின் முன்சுவரில் நாள் முழுக்க இடித்து, இரண்டாம் நாளே கறுத்துப்போகும்.